பியர்ஃபித் வாசிப்பறை: பெட்டிக்குள் இருக்கும் கோபம்

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் மெட்ரோவின் 13ஆம் தடத்தில் ஏறிக் கடைசி நிறுத்தமான செந்-தெனி பல்கலைக்கழகத்தில் இறங்குங்கள். சாம்பல் நிற அலுமினியம் போர்த்திய பெரிய கட்டடம் தெரியும். அதுதான் பிரான்ஸ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பியர்ஃபித் கிளை. 2013இல் திறந்தார்கள், வரைந்தவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் மாசிமிலியானோ ஃபுக்சாஸ். உள்ளே பெட்டி அடுக்க 320 கிலோமீட்டர் நீளத்துக்கு இடம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நீட்டினால் குருநாகலைத் தாண்டிவிடும். பியர்ஃபித் என்ற ஊராட்சி 2025 ஜனவரியில் செந்-தெனியோடு இணைந்துவிட்டது, ஆனாலும் காப்பகத்துக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. 1990 முதல் ஓய்வு பெறும்வரை பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் தரை துடைத்தவள். முதல் ஏழு ஆண்டுகள் தொற்றுநோய்ப் பிரிவில். அங்கே படுத்திருந்த பிள்ளைகள் பலர் என்னைவிட இளையவர்கள். மேல் நோக்கிய இளஞ்சிவப்பு முக்கோணம் போட்ட கறுப்புச் சட்டையை ஒருவன் கட்டில் கம்பியில் எப்போதும் தொங்கவிட்டிருப்பான். அது என்ன படம் என்று அன்று நான் கேட்கவில்லை. அது ஆக்ட் அப்-பாரிஸ் அமைப்பின் சின்னம். தற்பாலீர்ப்பாளர்களை அடையாளம் காட்ட நாஜி முகாம்களில் குத்திய முக்கோணத்தைத் தலைகீழாகத் திருப்பி, எயிட்ஸுக்கு எதிரான போராட்டத்தின் கொடியாக்கியிருந்தார்கள். திதியே லெஸ்திராதும் நண்பர்களும் 1989இல் தொடங்கிய அந்த அமைப்பின் ஆவணங்கள் இப்போது பியர்ஃபித்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் போனேன்.

போகத் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது. முன்பொரு முறை நகரில் வேறொரு நூலகத்துக்கு இதே விஷயமாகப் போனபோது, எந்தப் பல்கலைக்கழகம், யார் பேராசிரியர் என்று கேட்டார்கள். துப்புரவு வேலை செய்தவள் என்றேன். கடிதம் கொண்டு வாருங்கள் என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார்கள். பியர்ஃபித்தில் அடையாள அட்டையைக் கேட்டார்கள், படம் எடுத்தார்கள், வாசகர் அட்டையைத் தந்தார்கள். அவ்வளவுதான். அரசின் ஆவணத்தை எந்தக் குடிமகனும் கேட்டுப் பார்க்கலாம் என்று 1794ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருப்பதாக மகள் பின்னர் விளக்கினாள். பெட்டிகளை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்து தந்தவளும் அவள்தான். இதை மறக்காதீர்கள், அங்கே போய்த் தேடத் தொடங்கினால் அரை நாள் போய்விடும்.

பை, மேலங்கி எல்லாம் பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒளி பாய்ச்சாமல் படம் எடுக்கலாம். பசிக்கு நான் முதல் நாளே லாச்சப்பலில், பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் பகுதியில், ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தேன், வெளியே தண்ணீர்த் தடாகத்தின் ஓரமாக நின்று சாப்பிட்டேன். எல்லாப் பெட்டியும் திறந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருடைய மருத்துவ ரகசியத்தை அவர் இறந்து 25 ஆண்டு வரை சட்டம் மூடி வைக்கிறது. கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனைகளும் உண்டு. எனக்கு இதில் வருத்தமில்லை. அந்த நடைபாதையில் எந்த அறையில் யார் என்று வாய் திறக்காமல் இருந்ததுதான் எங்கள் வேலையில் பாதி.

சுவரொட்டிகளில் தொடங்காதீர்கள், அவற்றை எங்கும் பார்க்கலாம். காகிதங்களில் தொடங்குங்கள். செவ்வாய் இரவுகளில் கவின்கலைக் கல்லூரியின் அரங்கில் கூடிப் பேசிய ஆக்ட் அப்காரர்கள், மருந்துச் சோதனைகளை மருத்துவர்களுக்கு ஈடாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஏ.இசட்.டி. என்ற எயிட்ஸ் மருந்தை, நோய்க்குறி தெரியுமுன்பே கொடுத்தாலும் நீடித்த பலனில்லை என்று 1993 வசந்தத்தில் சொன்ன பிரான்ஸ்–பிரிட்டன் சோதனையின் பெயர் கொன்கோர்ட். அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி கொன்கோர்ட் சதுக்கத்தின் கல்தூணுக்கு இவர்கள் பெரிய இளஞ்சிவப்பு ஆணுறையை மாட்டினார்கள். எகிப்திலிருந்து வந்த தூண், இருபது மீட்டருக்கு மேல் உயரம். அப்போது தலைவராக இருந்தவர் கிளியூஸ் வெலே. ஆண்தான், ஆனால் தன்னைத் ‘தலைவி’ என்றே அழைக்கச் சொன்னவர். அடுத்த அக்டோபரில் இறந்தபோது வயது முப்பது. அவருடைய இறுதி ஊர்வலத்தையும் தெருவில் ஓர் ஆர்ப்பாட்டமாகவே நடத்தினார்கள்.

என்னை நிறுத்தி வைத்தது ஒரு தொலைநகல். அந்தக் காலத்து வழுவழுப்பான சுருள் கடதாசி உங்களுக்கு நினைவிருக்கும், சூட்டில் எழுத்துப் பதியும் வகை. முப்பது ஆண்டில் மேல்பாதி வெளிறிவிட்டது. ஓரங்களில் வெந்தயத் தண்ணீர் போல மஞ்சள். கீழே வரிகள் துண்டு துண்டாக மிச்சம். என் பிரெஞ்சு மெதுவானது, விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். தேதி 1996 பிப்ரவரி. தேறிய சொற்களில் ஒன்று ‘குலுக்கல்’.

புது மருந்துகள் வந்திருந்த மாதங்கள் அவை. எல்லோருக்கும் போதாது. யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கலாம் என்று தேசிய எயிட்ஸ் ஆலோசனைக் குழு அரசுக்குச் சொன்னது. கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பது போல, உயிருக்குச் சீட்டு! பெரும் எதிர்ப்புக் கிளம்பியது, குலுக்கல் நடக்கவில்லை. எங்கள் பிரிவில் அந்த வாரம் தாதிகள் ஒருவரோடொருவர் பேசாமல் நடந்தது மட்டும் எனக்குத் தெரியும், காரணம் தெரியாது. ஓராண்டுக்குள் கட்டில்கள் காலியாகத் தொடங்கின. முதலில் நான் அதை வழக்கமான காலி என்றுதான் நினைத்தேன். சவக்கிடங்குக்குப் போகாமல் தங்கள் காலால் நடந்து வெளியே போகிறார்கள் என்று புரியச் சில மாதங்கள் பிடித்தன. முக்கோணச் சட்டைக்காரன் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே போய்விட்டான்.

அந்தச் சுருளைப் பார்த்து முடித்ததும், ஒளிபடாதபடி உறைக்குள் எப்படித் திருப்பி வைப்பது என்று ஊழியர் செய்து காட்டினார். என் கையை ஒருமுறை பார்த்தார். கிருமிநாசினி தின்ற விரல் நுனி இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சுத்தம்.

மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை என் பிரெஞ்சுக்கு. அடுத்த பெட்டியைச் செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்திருக்கிறேன்.