அப்பாவுக்கு ஹியரிங் எய்ட்: காதுக்குள்ளயா, காதுக்குப் பின்னாடியா?

வெளிய தெரியக்கூடாதுன்னு அப்பா காதுக்குள்ள போற சின்ன மாடலைத்தான் கேட்டாரு, ஆனா ட்ரையலுக்குப் போட்டதும் தன் குரலே குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்குன்னுட்டாரு, காது முழுசா அடைபடறதால அப்படித்தான் கேக்கும். காதழுக்கு போய் அடைச்சுக்கற தொல்லை வேற. மஞ்சள் ஸ்டிக்கர் போட்ட 10ஆம் நம்பர் பேட்டரி அவர் விரல்ல நிக்கவே இல்ல.

கடைசில காதுக்குப் பின்னாடி மாட்டி மெல்லிசா ஒயர் உள்ள போற ஆர்ஐசி மாடல் எடுத்தோம், காதுக்குள்ள போற மெத்து முனை (டோம்) ஓட்டை வச்சதுங்கறதால அந்த அடைப்பு இல்ல, பேத்தி பேசறதுல ச, ஸ எல்லாம் இப்ப தெளிவா பிடிக்கறாரு, எங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். இவருக்கு ஹை ஃப்ரீக்வென்சி, அதாவது கீச்சுன்னு இருக்கற சத்தம், கேக்கறது மட்டும்தான் குறைவு, ரொம்பவே கேக்காதவங்களுக்கு காதுக்குப் பின்னாடி மாட்டி சத்தத்த ரொம்ப கூட்டித் தர்ற பவர் பிடிஇ மாடல்தான் சரிப்படும். ரீசார்ஜ் மாடல்ங்கறதால ராத்திரி சார்ஜர்ல வச்சா போதும். ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்ளோ கேக்குதுன்னு காட்டற டெஸ்ட் ரிப்போர்ட்) பாக்காம மாடல் காட்டற கடைல தயவுசெஞ்சு வாங்காதீங்க.