இடுப்பு மூட்டைச் சோதிக்க எது சரி: குத்தவைப்பதா, தவழும் நிலையா, கட்டில் விளிம்பா?

குத்தவைத்து உட்கார முடிந்தால் இடுப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது போதாது. குதிகால் தூக்கிக்கொண்டால், மடங்க மறுப்பது கணுக்காலா இடுப்பா என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. நெல்லை மாவட்டத்து முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்து மணிக்கணக்கில் சம்மணமிட்டுப் பீடி சுற்றுகிறவர்களுக்குத் தொடை வெளிப்பக்கம் தாராளமாகத் திரும்பலாம். அதே தொடை உள்பக்கம் திரும்புமா, பின்னால் நீளுமா என்பது தனிக் கேள்வி.

ஸ்குவாட் (நின்றபடி முழங்காலையும் இடுப்பையும் மடக்கி இறங்கி எழும் பயிற்சி) செய்ய நினைப்பவருக்குத் தவழும் நிலைதான் முதல் சோதனை. கைகள் தோளுக்கு நேர் கீழே, முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழே. முதுகின் இயல்பான வளைவு மாறாமல் பிட்டத்தை மெதுவாகக் குதிகாலை நோக்கித் தள்ளுங்கள். செல்போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்துப் படம் எடுங்கள். கீழ் முதுகு எங்கே கூன ஆரம்பிக்கிறதோ, பாரம் தூக்கும்போது ஏறக்குறைய அந்த ஆழத்தோடு நின்றுகொள்ள வேண்டும். முழங்கால்களை ஒரு சாண் அகற்றி மறுபடி செய்யுங்கள். இப்போது இன்னும் ஆழம் போனால், உங்களுக்கு அகலக்கால் ஸ்குவாட்தான் பொருந்தும். தவழும்போது தாராளமாகப் போய், நின்று குத்தவைக்கும்போது மட்டும் குதிகால் தூக்கினால் பெரும்பாலும் கணுக்கால்தான் காரணம். குதிகாலுக்கடியில் இரண்டு செ.மீ. பலகை வைத்தால் தெரிந்துவிடும். தொடை இடுக்கில் முன்பக்கம் கிள்ளுவதுபோல் வலித்தால் அதற்கு மேல் அழுத்தாதீர்கள். எலும்பின் அமைப்பே தடுக்கிறது என்றால் எத்தனை நாள் இழுத்தாலும் அது மாறாது.

நாளெல்லாம் நாற்காலியிலோ தறியிலோ உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு, தொடை பின்னால் நீளுமா என்று கட்டில் விளிம்பில் பார்க்கும் தாமஸ் சோதனை. பிட்டம் விளிம்பில் வரும்படி மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்து, மற்ற காலைத் தொங்கவிட வேண்டும். தொங்கும் தொடை, படுத்திருக்கும் பலகை மட்டத்துக்கு இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் அந்த முழங்காலை நீட்டிப் பாருங்கள். அப்போது இறங்கினால் தொடையின் முன்தசை இறுகியிருக்கிறது. அப்போதும் இறங்காவிட்டால் இடுப்பை மடக்கும் உள்தசை. இந்தச் சோதனையில்தான் ஏமாறுவது அதிகம். முழங்காலை நெஞ்சோடு ரொம்ப இறுக்கினால் நல்ல இடுப்பும் இறுகியதாகத் தெரியும். தளர்வாகப் பிடித்தால் முதுகு வளைந்து, இறுகிய இடுப்பும் நன்றாக இருப்பதாகத் தெரியும். கீழ் முதுகு பலகையில் படியும் அளவுக்குப் பிடித்தால் போதும். நார்க்கட்டில் இதற்கு ஆகவே ஆகாது, நடுவில் குழிந்துவிடும். உறுதியான மேசையோ பெஞ்சோ வேண்டும். தேறாதவர் பின்காலை உயர்த்தி வைக்கும் ஸ்பிளிட் ஸ்குவாட்டைத் தள்ளிப்போட்டு, மல்லாந்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியிலும் ஒரு காலைச் சற்றே முன்வைத்து இறங்கும் லஞ்ச்சிலும் தொடங்கலாம்.

சுழற்சியைப் பார்க்கப் பத்தமடைப் பாய் போதும். குப்புறப் படுத்து, முழங்காலை 90 பாகை மடக்கிப் பாதத்தை வெளியே சாயவிடுங்கள், அப்போது தொடை உள்பக்கம் திரும்புவதால் இது உள்சுழற்சி; பாதத்தை உள்ளே சாய்த்தால் வெளிச்சுழற்சி. உள்சுழற்சி 35 முதல் 45 பாகை வரை வந்தால் இயல்பு. பிட்டம் தரையை விட்டு எழுந்தால் அளவு பொய். உள்சுழற்சி குறைவாகவும் வெளிச்சுழற்சி மிகுதியாகவும் இருப்பவர் ஸ்குவாட்டில் கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கட்டும். நேர்மாறாக இருப்பவரைப் பத்மாசனத்துக்குக் கட்டாயப்படுத்தினால் முழங்காலுக்குத்தான் கேடு.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், பாரம் தூக்குபவர் தவழும் நிலையையும், ஓடுபவரும் நடப்பவரும் தாமஸையும் எடுத்துக்கொள்ளலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவரும், இரவில் வலியால் விழிப்பவரும் இவற்றைத் தாமாகச் செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவர்கள் நான்கு வாரம் கழித்து, அதே நேரத்தில், உடம்பு சூடேறுவதற்கு முன் திரும்ப அளக்கலாம். இரண்டு பக்கமும்.