தொட்டுப் பார்க்காத ஏலம்: பழைய இசைக்கருவிகளை இணையத்தில் விற்றுப் பார்த்ததில்

சேலம் செவ்வாய்பேட்டை வெல்ல மண்டியில் ஏலம் கேட்க வருபவர், சிப்பத்தின் நிறத்தைப் பார்த்து, ஒரு துண்டை விண்டு வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் விலை சொல்லுவார். இணைய ஏலத்தில் அந்த வசதி கிடையாது. எங்கோ ஜெர்மனியில் இருக்கும் ஒருவர், நான் எழுதிய பத்து வரிகளையும் எடுத்த பதினான்கு படங்களையும் மட்டுமே நம்பி, நாற்பது ஆண்டுப் பழைய ரிதம் பாக்ஸுக்கு, அதாவது டிரம் ஒலிகளைத் தானே வாசிக்கும் மின்னணுப் பெட்டிக்கு, விலை கேட்கிறார். எங்கள் மெல்லிசைக் குழுவைக் கலைத்து வெகுகாலம் ஆன பின்னர், பரணில் கிடந்த கருவிகளை ஒவ்வொன்றாக விற்க முனைந்தபோது இந்த முறையைத்தான் முதலில் முயன்று பார்த்தேன்.

1995இல் தொடங்கிய ஈபே என்ற அமெரிக்க இணைய ஏலத் தளம், 2004இல் பாசி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது. அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. உள்ளூர் விளம்பரத் தளங்களில் நடப்பது ஏலம் அன்று, பேரம். "கடைசி விலை என்ன அண்ணா?" என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்களே அங்கு அதிகம். ஆகவே வெளிநாட்டுத் தளம் ஒன்றில் விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்டேன்.

முதலில் போட்டது ஒரு கோரஸ் பெடல், ஒரே கிட்டார் பலவாக ஒலிப்பது போலக் காட்டும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. காலை பத்து மணிக்கு, காபி குடித்த கையோடு, ஏழு நாள் ஏலமாகப் பதிவேற்றினேன். ஏலம் தொடங்கிய அதே மணியில்தான் முடியும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நமக்குக் காலை பத்து என்றால், கோடைக் காலத்தில் இலண்டனில் விடியற்காலை ஐந்தரை, நியூயார்க்கில் நள்ளிரவு கடந்து அரை மணி. வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் 61 டாலருக்குப் பெடல் போய்விட்டது. என் அவசரத்துக்கு நான் கொடுத்த விலை அது.

அடுத்ததாக ரோலண்ட் டிஆர்-606 ரிதம் பாக்ஸை ஏலத்துக்கு வைத்தபோது நேரத்தைக் கணக்குப் பார்த்தே வைத்தேன். 1981இல் வெளிவந்த கருவி அது. 7 ஒலிகளும், அடிவிளிம்பில் வரிசையாக 16 பொத்தான்களும் கொண்டது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த அதை வைத்துக்கொண்டு, ஆடி மாதத்தில் ஒரே நாளில் இரண்டு மாரியம்மன் கோயில் மேடைகள் ஏறியிருக்கிறோம். நான்கு பேட்டரி செல்களில் இயங்குவது என்பதால், வாங்குபவர் நாட்டின் மின்னழுத்தம் 230 வோல்ட்டா 120 வோல்ட்டா என்ற கவலை இதற்கு இல்லை. எடையும் குறைவுதான். இணைய ஏலத்துக்கென்றே செய்துவைத்த பொருள் போல அது அமைந்துவிட்டது.

விவரக் குறிப்பை எழுத ஒரு மாலைப்பொழுது பிடித்தது. செல் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருந்ததையும், சிம்பல் ஒலியின் அளவைக் கூட்டும் திருகைத் தொட்டால் கரகரப்பு எழுவதையும் முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிட்டேன். குறைகளை முன்னால் சொன்னால் விலை விழும் என்று என் மைத்துனர் அஞ்சினார். ஆனால் ஏழு ஒலிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக் காட்டிய காணொளியைப் பார்த்தவர்கள், மற்ற விற்பனையாளர்கள் எழுதும் "சோதிக்கவில்லை, உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்தைக் காட்டிலும் என் குறைப்பட்டியலையே நம்பினார்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் தெரிந்தது. அவர்களில் ஒருவர், மேல்மூடியின் மூலையில் செம்மஞ்சளாக ஏதோ தெரிகிறதே, துருவா என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ ஓர் ஆயுத பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமும், காய்ந்து வெடித்து, நிறுவனத்தின் பெயரில் முதல் எழுத்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தன. விளக்கம் எழுதி, துடைத்துவிட்டு அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். துடைக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

இந்த ஏலத்தின் சூட்சுமம், கேட்பவர் தம் உச்ச விலையை மறைவாகப் பதிந்துவைக்கலாம் என்பதுதான். எதிர்ப்பவர் ஏறும் அளவுக்கு மட்டும் தளமே அவர் சார்பில் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே முடிவு விலை என்பது, வென்றவர் கொடுக்கத் துணிந்த தொகை அன்று. தோற்றவரின் உச்ச விலைக்கு ஒரு படி மேலே நிற்பது. ஆசைப்பட்டவர் ஒருவரே என்றால் தொடக்க விலையோடு வண்டி நின்றுவிடும். இதை விளக்கியதும் மைத்துனர், "மாமா, நானும் ஒரு பேரில் புகுந்து ஏற்றிவிடட்டுமா?" என்றார். அதற்கு மண்டியில் மோசடி என்று பெயர், இங்கும் அதே பெயர்தான். தளத்தின் விதியும் அதைத் தடை செய்கிறது. மறுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பிறந்து அரை மணி கழித்து, அதாவது இலண்டனில் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, ஏலம் முடியும்படி வைத்திருந்தேன். ஆறு நாட்களாக 186 டாலரில் அசையாமல் கிடந்த விலை, கடைசி இருபது நொடிகளில் 240 ஆகி, கண் இமைப்பதற்குள் 327இல் போய் நின்றது. கூச்சல் இல்லை, மணியோசை இல்லை. கைப்பேசித் திரையில் எண் மட்டும் மாறியது. நான்கு ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் அதே கருவிக்கு மூவாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இனிக் கசப்பான பகுதி. தளத்தின் கமிஷன் பொருளின் விலைக்கு மட்டும் அன்று, வாங்குபவர் தரும் தபால் செலவையும் கூட்டி வந்த மொத்தத்துக்குக் கணக்கிடப்படுகிறது. டாலர் ரூபாயாக மாறும்போது இன்னொரு பிடி குறைகிறது. புதிய விற்பனையாளர் என்ற காரணத்தால், பொருள் போய்ச் சேரும் வரை பணத்தை நிறுத்திவைத்தார்கள். போய்ச் சேர்ந்த பின்னும் ஒன்பது நாட்கள் காத்திருந்து, மூன்று கடிதங்கள் எழுதிய பிறகே விடுவித்தார்கள். ஜெர்மனியில் இறக்குமதிக்கு 19% வரி உண்டு என்பதை நான் குறிப்பிலேயே எழுதிவைத்திருந்ததால் அந்தத் தகராறு மட்டும் எழவில்லை. பிரச்சினை என்று வந்தால் தளம் வாங்குபவர் பக்கமே சாய்கிறது. ஆகவே பெட்டியில் வைத்து ஒட்டும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. லீ பஜாரில் வாங்கிய தடித்த அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவில் நான்கு விரல் இடைவெளிக்கு நுரைத்தாள் என்று கட்டினேன்; கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

பெரிய கீபோர்டுகளுக்கு இந்த வழி சரிப்படவில்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 14.2 கிலோ எடையுள்ளது; கட்டிய பிறகு 18 கிலோ. ஆனால் கூரியர்காரர்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். என் பெட்டி 115, 45, 22 என்று இருந்ததால் ஏறக்குறைய 23 கிலோவுக்குக் கட்டணம் கேட்டார்கள். அந்தச் செலவைக் குறிப்பில் போட்டதும் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. இரண்டு முறையும் ஏலம் வெறுமனே முடிந்தது. இறுதியில் ஏற்காட்டிலிருந்து ஒரு தேவாலயப் பாடகர் குழுவினர் நேரில் வந்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்து, உள்ளிருக்கும் நினைவகப் பேட்டரியை மாற்றித் தரச் சொல்லி, ரொக்கமாகக் கொடுத்து வாங்கிப் போனார்கள். மலையின் ஈரம் மின் இணைப்புகளுக்கு ஆகாது, வாசிக்காத நாட்களில் உறைபோட்டு மூடிவையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கைக்கு அடக்கமான, மின்னழுத்தச் சிக்கல் இல்லாத, இப்போது உற்பத்தியில் இல்லாத கருவி என்றால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தயங்காமல் தருவேன், மற்றவற்றுக்கு ஒன்றரை. பரணில் இன்னும் ஒரு டேப் எக்கோ பெட்டி, ஒலிநாடாவைக் கொண்டு எதிரொலி உண்டாக்கும் கருவி, இருக்கிறது. அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று, நேற்று அளவு நாடாவை எடுத்து அளந்துகொண்டிருந்தேன்.