பையில் எல்லாம் இருக்கிறது, வறுத்த தேதியைத் தவிர

தாண்டிக்குடி காபி வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அதுதான். வேறு சமயத்தில் கேட்டிருந்தால் உடனே வாங்கச் சொல்லியிருப்பேன்.

நான் வாங்குவது கீழ்ப்பழனி மலையில் இருக்கும் தாண்டிக்குடியில், ஒரே தோட்டத்தில் விளைந்த அராபிகா வகைக் காபி. பழத்தோல் நீக்கி, புளிக்கவைத்து, கழுவிக் காயவைத்த கொட்டை. சிக்கரி கிடையாது. அதற்கு முன்பு தெருமுனைக் கடையில் 80:20, அதாவது எண்பது பங்கு காபிக்கு இருபது பங்கு சிக்கரி கலந்த பொடி, வாங்கிக்கொண்டிருந்ததால் முதல் வாரம் ஏமாற்றம்தான். டிகாக்‌ஷன் வெளுத்து இறங்கியது, பாலை ஊற்றியதும் காபி ருசியே இல்லை. பொடியை இரண்டு கரண்டியிலிருந்து மூன்றாக்கி, பாலைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் சரிப்பட்டது.

ஆனால் இத்தனை நாள் விடாமல் வாங்கியது அந்தப் பால் காபிக்காக இல்லை. ஒரு நாள் சாயங்காலம் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் கலந்து வைத்தேன். போன் வந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து, ஆறிப்போனதைக் கொட்ட மனமில்லாமல் குடித்தேன். கமலா ஆரஞ்சை உரித்த பிறகு விரலில் ஒரு வாசம் ஒட்டியிருக்குமே, அதே வாசம்! கடைசி மடக்கில் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு. சூடாகக் குடித்தவரை இது எதுவுமே தெரிந்ததில்லை. அன்றிலிருந்து சாயங்காலக் காபியை ஆறவைத்துத்தான் குடிக்கிறேன்.

ஒருமுறை வத்தலக்குண்டு வழியாக மேலே போய் அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பலா, கல்யாண முருங்கை, சில்வர் ஓக், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, இடையிடையே மலை வாழை. எல்லாவற்றுக்கும் கீழே, பகலிலும் அரையிருட்டில் காபிச் செடிகள். அந்தக் குளிரிலும் நிழலிலும் பழம் அவசரமில்லாமல் பழுக்கிறது, கொட்டை இறுகுகிறது, ருசி ஏறுகிறது. மரங்களை வெட்டி வெயிலை விட்டால் தண்டுத் துளைப்பான் வண்டு பெருகி அராபிகாச் செடியையே கொன்றுவிடும். இவ்வளவு பாடுபட்டு வளர்க்கிறவர்களுக்குக் கால் கிலோவுக்கு 480 ரூபாய் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் கோபம் பையின் மேல். தோட்டத்தின் உயரம் போட்டிருக்கிறது. செடியின் ரகம் எஸ்.795 என்று போட்டிருக்கிறது. நிழல் மரங்களின் பெயர்கூட இருக்கிறது. வறுத்த தேதி மட்டும் இல்லை. பேக் செய்த மாதமும், எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும்தான். மூன்று வருடத்தில் நான்கு முறை பழைய சரக்கு வந்துவிட்டது. போன வாரம் வந்தது நான்காவது.

பழையதா என்று கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக வறுத்த பொடியில் கொதிநீரை ஊற்றினால், உள்ளே அடைபட்ட கரியமில வாயு வெளியேறி, ஃபில்டரின் மேல்தட்டில் பொடி உப்பிக் குமிழ்விடும். இந்தமுறை நனைந்த மண் மாதிரி அப்படியே படுத்துக் கிடந்தது, தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கிவிட்டது. ஆறவைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு வாசம் துளிகூட இல்லை, பழைய அட்டைப்பெட்டி வாசம்தான்.

விற்பவருக்குப் போன் செய்தேன். “பேக் பண்ண மாசம் போட்டிருக்கே சார்” என்றார். நான் கேட்டது வறுத்த தேதியை. அது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. தெருமுனைக் கடைக்காரரின் காகிதப் பையில் ஒரு எழுத்தும் இருக்காது, ஆனால் என் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருகிறார். சூடு ஆறாத பையோடு வீட்டுக்கு வருகிறேன்.

நான் குடித்ததிலேயே நல்ல காபி அந்த மலைக் காபிதான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் நண்பரிடம் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டிலும் இந்த மாதம் தெருமுனைக் கடை பீபரிதான் (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை), சிக்கரி போடாமல்.