கேரியர் வைத்த சைக்கிள்: ஆறு ஆண்டு ஓட்டிய பிறகு

புதுக்கோட்டையில் வேலைக்குப் போய்வர ஒரு லேடீஸ் சைக்கிளை ஆறு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். கியர் கிடையாது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், இரண்டு சக்கரங்களுக்கும் மட்கார்டு, செயினை முழுதாக மூடும் கவர். அன்றைய விலை ஆறாயிரத்துச் சொச்சம். உடம்புக்கு நல்லது என்று நினைத்து வாங்கியதல்ல. கல்லூரியில் சேர்ந்த மகன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டான்; அலுவலகம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்; ஆட்டோவுக்கு மாதாமாதம் அழ மனம் வரவில்லை.

அதற்கு முன்பே சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புதுக்குளத்தைச் சுற்றி மாலையில் நடந்தேன். நல்ல காற்று, நல்ல பேச்சுத் துணை, ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் கழன்றுபோவது அந்த நடைதான். மகனுக்குத் தேர்வு, மாமியாருக்குக் காய்ச்சல், கேஸ் வரும் நாள் என்று எதற்கும் இடம்கொடுக்கும் ஒரே நேரம் அது. அலுவலகம் அப்படி இடம்கொடுக்காது. காலை ஒன்பதே முக்காலுக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும். சைக்கிளை மிதித்தால்தான் இருக்க முடியும். ஆறு ஆண்டுகள் இது ஓடியதற்கு என் மன உறுதியைப் பாராட்ட வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டைப் பாராட்டலாம்.

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை. ஐந்து கிலோமீட்டர் போக எனக்கு இருபது நிமிடம், வர இருபது நிமிடம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 200 நிமிடங்கள் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. ஸ்கூட்டரிலும் இதே தெருக்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஆக, உடற்பயிற்சிக்கென்று நான் தனியாகச் செலவழிப்பது ஒரு வேளைக்கு எட்டுப் பத்து நிமிடம்தான்.

இனி வண்டியைப் பற்றி. வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். பெண்கள் வண்டி என்றாலே இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டை அடிவரை இறக்கிக் கொடுப்பது கடைகளில் வழக்கம். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். இரண்டாவது மாதமே முழங்காலின் முன்பக்கம் வலித்தது. வயதாகிவிட்டது என்று வீட்டில் தீர்ப்பும் வந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் நான் ஓட்டி வருவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, குந்தியிருந்து மிதிக்கிறீர்களே" என்றார். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி சீட்டை இரண்டு விரற்கடைக்கு மேல் உயர்த்தினார். என்னை ஏறி உட்காரச் சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைக்கச் சொன்னார். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முட்டி மடங்கியிருந்தால் போதாது. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் இலேசான மடிப்பு மட்டும் இருக்கும். வலி சில வாரங்களில் போய்விட்டது. நிறுத்தும்போது ஒரு கால் நுனி மட்டும் தரையில் படுவது முதலில் பயமாக இருந்தது, பழகிவிட்டது.

அடுத்தது காற்று. எங்கள் பக்கம் சாலையோரமெல்லாம் சீமைக்கருவேலம். அந்த முள்ளுக்கு எந்த டயரும் ஒன்றுதான். ஆனால் காலையில் டயர் தொய்ந்திருந்தால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த வகை டியூபின் வால்வுக்குள் சிறு ரப்பர் குழாய் ஒன்று உண்டு. வால்வ் டியூப் என்று கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வெயிலில் அது காய்ந்து வெடித்தால் காற்று மெல்ல இறங்கும். வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சிலை வைத்துப் பாருங்கள், குமிழ் வந்தால் கோளாறு அங்கேதான். கைப்பம்பு ஒன்று வீட்டில் அவசியம். காற்று குறைந்த வண்டியை மிதிப்பது வீண் பாடு. பலர் சைக்கிளை ஓரங்கட்டுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மற்ற செலவுகள் பெரிதாக இல்லை. பிளாஸ்டிக் பெடல் இரண்டும் முதல் ஆண்டிலேயே உடைந்தன, இரும்பில் மாற்றினேன். செயினும் ஃப்ரீவீலும் ஒருமுறை மாறின. ஆண்டுக்கொருமுறை ஓவராயிலிங், அவ்வப்போது பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது. மொத்தத்தையும் கூட்டினால் ஸ்கூட்டரின் ஒரு சர்வீசுக்கு உறை போடக் காணாது.

"வண்டி என்ன ஆயிற்று மேடம்?" என்று அலுவலகத்தில் முதல் ஆண்டு முழுக்கக் கேட்டார்கள். இந்த ஊரில் இப்படிக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரமாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலரும் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குழந்தையை முன்பாரில் உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. அம்மாவின் சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துச் சந்தைக்குப் போனது நினைவிருக்கிறது. அம்மா சைக்கிள் விட்டதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. தண்ணீர்க்குடமும் விறகும் ஏற்றினாள், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போனாள்.

பலன் என்ன என்றால், எடை குறையும் என்று வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கு இரண்டு கிலோ குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. மிதித்துவிட்டு வந்தால் பசி அப்படி. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. அதில் அரிசியைக் குறைத்ததற்கும் பங்கு உண்டு. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, இரவில் படுத்ததும் தூக்கம் வருகிறது. கைகளுக்கும் தோள்களுக்கும் இதனால் பெரிய பயன் இல்லை. உடல் எடையை வண்டி தாங்கிக்கொள்வதால் எலும்புக்கும் நடை அளவுக்கு வலு சேராது. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம். அதனால் லிஃப்டை விட்டுப் படியேறுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குகிறேன்.

தொல்லைகளும் உண்டு. மே மாதத்தில் அலுவலகம் சேரும்போது முதுகு நனைந்திருக்கும். துண்டும் மாற்று ரவிக்கையும் கூடையில் கட்டாயம். சேலைக்குப் பின்சக்கரத்தின் வலைக்கம்பி காவல், துப்பட்டாவைத்தான் இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும். ராஜ வீதிகள் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் ஊருக்குள் மிதிப்பது சுகம். புறவழிச்சாலையில் லாரிகளோடு போட்டி போட நான் தயாரில்லை. வேலைக்குப் போகும் வழி அப்படிப்பட்டதென்றால் வேறு ஏதாவது யோசியுங்கள்.

கியர் சைக்கிள் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சமதளமான ஊருக்கு வேண்டியதில்லை. அவற்றில் பல மட்கார்டும் கேரியரும் ஸ்டாண்டும் இல்லாமல் வருகின்றன. அரிசி மூட்டையும் கீரைக்கட்டும் ஏற்ற முடியாத வண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். விளக்குக்கு டைனமோ கேட்டால் கடையில் சிரிக்கிறார்கள். சார்ஜ் செய்யும் விளக்கை ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறேன், போதுமானதாக இருக்கிறது. பின் டயரின் நடுப்பட்டை வழுவழுத்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் மாற்ற வேண்டும்.