பெட்டியில் வந்த பன்னிரண்டும் சொல்லிச் செய்த ஐந்தும்

துறையூரில் அக்கா வீட்டு வாசலில் நான் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பே உளிப்பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. மெல்பர்னில் இருந்தபடியே இணையக் கடை ஒன்றில் வாங்கியது. அதற்கே அக்கா மகனின் தயவு தேவைப்பட்டது. இந்தியக் கைப்பேசி எண் இல்லாதவனுக்கு ஓடிபி வராது. ஓடிபி வராதவனுக்கு உளியும் வராது.

ஆஸ்திரேலியாவில் ஊருக்கு ஊர் 'மென்ஸ் ஷெட்' என்று ஒரு கொட்டகை உண்டு. வேலையை விட்டு ஓய்ந்த ஆண்கள் கூடி மர வேலை செய்வார்கள், தேநீர் குடிப்பார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் போகிறேன். அங்கேதான் மரம் செதுக்கப் பழகினேன். இரண்டு வருடமாகக் கொட்டகையின் பொது உளிகளில் காலம் தள்ளினேன். சொந்தமாக ஒரு தொகுதி வேண்டும் என்ற ஆசை வந்தபோது, ஊருக்குத்தானே போகிறோம், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வந்த பெட்டியில் பன்னிரண்டு உளிகள். பளபளக்கும் மரப்பிடி, சுருட்டிக் கட்டும் துணி உறை, உறையில் ஒவ்வோர் உளிக்கும் ஓர் அறை. விலை 1,800 ரூபாய். சுவிட்சர்லாந்து உளி ஒன்றுக்கு மெல்பர்னில் நான் கொடுக்க வேண்டிய பணத்தில் இங்கே பன்னிரண்டு கிடைத்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். கொல்லையில் காற்றுக்கு ஒடிந்து கிடந்த வேப்பங்கிளையை எடுத்து வைத்து முதல் உளியைத் தட்டினேன். மூன்றாவது தட்டில் அதன் முனை மடங்கியது. இரண்டாவது உளி கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மூன்றாவதன் பிடி கழன்று கையோடு வந்தது.

ஓர் அரம் எடுத்து வெட்டுவாயில் மெல்ல இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பதம் போட்ட எஃகில் அரம் பிடிக்காமல் வழுக்கிப் போகும். பதமில்லாத இரும்பில் கறுக்கென்று கடிக்கும். பன்னிரண்டில் ஒன்பதை அரம் கடித்தது. பெட்டி மேல் 'குரோம் வனேடியம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உலோகத்தின் பெயரை அச்சடித்துவிட்டால் ஆயிற்றா? அதைச் சுட்டுக் குளிர்த்துப் பதம் பார்ப்பது வேறு வேலை.

திருப்பி அனுப்பலாம் என்றால், வாங்க வந்த பையன் அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டான். அதை அக்கா அன்று காலைதான் வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தாள். பெட்டி இல்லை, பொருளும் பயன்படுத்தியது, எடுக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டதில் அக்காவுக்குப் பொழுது போனது.

அடுத்த நாள் திருச்சிக்குப் போனேன். பெரிய இரும்புக்கடை ஒன்றில் பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். மரம் செதுக்கும் உளி வேண்டும் என்றதும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டியவர், நான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "சார், இதெல்லாம் கதவு நிலைக்குத் துளை போடுகிற தச்சு உளி. பொம்மை செதுக்க ஆகாது. அதற்கு நீங்கள் அரும்பாவூர் பக்கம் போய்க் கேளுங்கள்" என்றார். விற்க வேண்டியவரே விற்காமல் வழி சொல்லி அனுப்பினார். ஒரு மாத விடுமுறையில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை இதுதான். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அரும்பாவூர் பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. அதுவும் பக்கத்தில் தழுதாழையும் மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர்கள். 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, தஞ்சாவூர் நெட்டி வேலைக்குக் கிடைத்த அதே நேரத்தில். பிறந்தது துறையூரில், அரும்பாவூரைப் பார்த்ததோ ஐம்பத்துமூன்று வயதில். பெரம்பலூர் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கிருஷ்ணாபுரம் வழியாகப் போனோம். அக்காவும் கூட வந்தாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று 2021-இல் அரசு அறிவித்ததிலிருந்து அவளுக்கு ஊர் சுற்றுவதில் தனிப் பெருமை. நான் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்ததை முழுதாக ரசித்தாள்.

நாங்கள் நுழைந்த பட்டறையில் நால்வர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஐந்தடி உயரத்தில் ஒரு பெருமாள், இடுப்பு வரை உருவமாகவும் இடுப்புக்குக் கீழே வெறும் மரமாகவும் நின்றார். வாகை மரம், ஒட்டுப்போடாத ஒரே கட்டை. வாகையோடு மா, அத்தி, பூவரசு என்று எது அமைகிறதோ அதிலும் செய்வதாகச் சொன்னார்கள். என்னிடம் பேசியவருக்கு நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் முதலில் விலைப்பட்டியலைத்தான் எடுத்தார். சிலை வாங்க வரவில்லை, உளி பார்க்க வந்தேன் என்றதும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார்.

சாக்கை விரித்து உளிகளைப் பரப்பினார். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றுக்குக்கூட மரப்பிடி இல்லை. எல்லாம் ஒரே இரும்பு. வருடக்கணக்கில் அடிபட்டு, தலைகள் காளான் போல விரிந்திருந்தன. உளித்தலையில் தட்டும் கொட்டாப்புளி மட்டும் மரம், புளியங்கட்டையில் கடைந்தது. ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்: பட்டை உளி, நக உளி, சாய்வாய் உளி. நக உளி என்ற பெயரில் நான் சொக்கிப்போனேன். விரல் நகத்தின் வளைவு எவ்வளவோ அவ்வளவு வளைவு. மெல்பர்னில் அதே வளைவுகளை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண் போட்டுத்தான் அழைக்கிறோம். எண் ஏற ஏறக் குழிவு கூடும். எண்ணைக் கேட்டால் வளைவு கண்முன் வருவதில்லை. நகம் என்றால் தன் கையையே பார்த்துக்கொள்ளலாம்.

"இத்தனையும் வேண்டுமா?" என்று கேட்டேன்.

"அன்றாடம் கையில் எடுப்பது ஏழெட்டுத்தான் அண்ணா. மற்றதெல்லாம் ஒவ்வொரு வேலைக்கென்று செய்து சேர்ந்தது. இது ஒரு யாளி வாய்க்காகச் செய்தது. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை" என்று ஒரு கொக்கி போன்ற உளியைக் காட்டினார். அவருடைய தொகுதி ஒரு நாளில் வாங்கியதல்ல. இருபது வருடத்தில் சேர்ந்தது. பெட்டி விற்பவர்கள் பன்னிரண்டு அறைகளுள்ள உறையைத் தைத்துவிட்டு, அதை நிரப்ப உளிகளைத் தேடுகிறார்கள். என் பன்னிரண்டில் மூன்று, வளைவிலும் அகலத்திலும் அப்படியே ஒன்றுபோல இருந்தது அப்போதுதான் உறைத்தது.

அவருக்கு உளி அடித்துக் கொடுக்கும் ஆசாரியின் உலை சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தது. எழுபதை நெருங்கும் மனிதர். துருத்திக்குப் பதில் மின்சார ஊதி. மற்றபடி நான் சிறுவயதில் பார்த்த அதே கொல்லுப்பட்டறை. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித்தான் உளி அடிக்கிறார். அது வீணான பழைய இரும்பு என்று நினைக்க வேண்டாம். வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு, வெட்டுவாய்க்கு நன்றாகவே பதம் ஏறும்.

வெளிநாட்டுப் பழக்கத்தில், "பன்னிரண்டு மில்லிமீட்டரில் ஒன்று, ஆறு மில்லிமீட்டரில் ஒன்று" என்று ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நாலு நூல், இரண்டு நூல் என்று சொல் தம்பி."

நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அப்பா வீடு கட்டும்போது தினமும் காதில் விழுந்த சொல். முப்பது வருடத்தில் தொலைத்திருந்தேன். நாலு நூல் அரை அங்குலம், பன்னிரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். தலையாட்டினேன். பிறகு அவர் கேட்ட கேள்வியை இணையக் கடை கேட்கவில்லை, மெல்பர்னில் எனக்குப் பட்டியல் அனுப்பிய கடைகளும் கேட்கவில்லை.

"என்ன மரம்?"

நாங்கள் அங்கே பெரும்பாலும் செதுக்குவது ஜெலுத்தோங், மலேசியப் பக்கத்து மரம், வெண்ணெய் போல வெட்டுப்படும். கொட்டாப்புளி அதிகம் வேண்டாம், கையால் தள்ளியே செதுக்கலாம் என்று விளக்கினேன். அப்படியானால் வாகைக்குச் செய்வது போல வாயைத் தடிப்பாக விடக் கூடாது, ஒல்லியாக இழுக்க வேண்டும், ஆனால் அதை எடுத்துக்கொண்டு தேக்கில் அடித்தால் வாய் தெறித்துவிடும், என்னைத் திட்டக் கூடாது என்றார். உளிவாயின் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும், 20 டிகிரியா, 30 டிகிரியா என்று என் கொட்டகை நண்பர்கள் மணிக்கணக்கில் வாதாடும் விஷயம் அவருக்கு இரண்டு வாக்கியத்தில் முடிந்தது.

ஆறு கேட்டேன்; ஐந்துதான் செய்வேன் என்றார். பட்டை உளி ஒன்று, சாய்வாய் ஒன்று, குழிவு குறைந்த நக உளி ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று, ஆழமாக ஒன்று. ஆறாவது, கோடு கீறுவதற்கான வி வடிவ உளி. இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் வந்து அடியில் கூராகச் சேர வேண்டும். தன் கண்ணுக்கு இப்போது அது பிடிபடவில்லை, கடையில் நல்லதாக வாங்கிக்கொள் என்றார். ஆகவே கிராமத்துக் கொல்லனே எல்லாவற்றையும் வெல்வான் என்று நான் எழுதப் போவதில்லை. வி உளியை மெல்பர்னில்தான் வாங்கினேன், வயிறெரிந்து.

உளி ஒன்று 300 ரூபாய். பேரம் பேசவில்லை. வியாழக்கிழமை தருகிறேன் என்றார். வியாழன் போனேன், உலை அணைந்திருந்தது, உறவில் ஒரு கல்யாணம். திங்கள் போனேன், கரி வரவில்லை. கையில் கிடைக்கும்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது. விடுமுறையை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். ரசீது கிடையாது. பணம் ரொக்கமாகவோ பேரனின் கைப்பேசிக்கோ போக வேண்டும். என்னிடம் யுபிஐ இல்லை, ஏடிஎம் தேடிப் பெரம்பலூர் போக வேண்டியிருந்தது.

தாமதத்துக்கு ஒரு பலன் இருந்தது. கடைசி உளிக்குப் பதம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினார். பிறகு கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, முனையை விட்டுவிட்டுப் பின்பகுதியை நெருப்பில் காட்டினார். சூடு மெல்ல ஊர்ந்து வரும்போது இரும்பின் மேல் நிறம் நகர்ந்தது: முதலில் வைக்கோல் நிறம், அதன் பின்னே பழுப்பு, அதற்கும் பின்னே கத்தரிப்பூ, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்ட கணத்தில் சடாரென்று தண்ணீரில் போட்டார். இன்னும் சில நொடி விட்டிருந்தால் நீலம் வந்துவிடும், வாய் மெத்தென்று போய்விடும் என்றார். என் பன்னிரண்டையும் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். அவற்றில் மூன்றைத் தேறும் என்று எடுத்துவைத்துப் புது வாய் வைத்துக் கொடுத்தார். மீதியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

தீட்டியபின் சோதிக்கும் முறை மெல்பர்னிலும் அரும்பாவூரிலும் ஒன்றுதான்: மென்மையான கட்டையில் இழைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. வெட்டின தடம் மெழுகு போல மின்ன வேண்டும். வெள்ளையாகக் கீறல் தெரிந்தால் வாயில் எங்கோ பல் விழுந்திருக்கிறது. ஐந்தில் நான்கு உடனே மின்னின. நடுத்தர நக உளிக்கு மட்டும் அரை மணி நேரம் கல்லில் தேய்க்க வேண்டியிருந்தது.

வாய்களுக்கு ஆசாரியே பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டுக் கொடுத்தார். உளியைக் கைப்பையில் எடுத்துப்போக முடியாது, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். சிற்பி கொடுத்த புளியங்கொட்டாப்புளிதான் என் கவலை. ஆஸ்திரேலியாவில் மரப் பொருள் எதையும் வருகை அட்டையில் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அபராதம். 'ஆம்' என்று குறித்தேன். அதிகாரி அதை வாங்கி உருட்டி, பட்டை ஒட்டியிருக்கிறதா, துளை இருக்கிறதா என்று பார்த்தார். மேசையில் ஒரு தட்டுத் தட்டி, தூள் உதிர்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தன் மாமனாரும் செதுக்குவார் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பிடியில்லாத இரும்பைக் கையால் தள்ளுவது குளிர்காலக் காலையில் லேசான காரியமல்ல; இரண்டுக்குச் சணல் கயிறு சுற்றியிருக்கிறேன், மற்றவற்றுக்கு யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொட்டகையில் இத்தாலிக்காரர் ஒருவருக்கு ஆழமான நக உளி பிடித்துப்போய், அதே போல ஒன்று, ஆனால் இருபது மில்லிமீட்டரில் வேண்டும் என்கிறார். ஆறு நூல் என்று அக்கா மகனுக்குச் செய்தி அனுப்பினேன். பொங்கல் கழிந்துதான் உலை மூட்டுவாராம்.