பரு மருந்து பூசத் தொடங்கும் முதல் வாரங்கள்: வறட்சியைச் சமாளிக்க எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

முகப்பருவுக்கு மருந்து பூசத் தொடங்கிய பலர் அதைப் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் மருந்து வேலை செய்யாதது அன்று. அது வேலை செய்வது தெரிவதற்கு முன்பே தோல் வறண்டு, உரிந்து, எரியத் தொடங்கிவிடுவதுதான். அடப்பலீன், டிரெட்டினோயின் போன்ற, வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு வகை மருந்துகளால் வரும் எரிச்சல் பெரும்பாலும் முதல் 2 முதல் 4 வாரங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணிந்துவிடும். பருக்கள் குறைவது கண்ணுக்குத் தெரியவோ 8 முதல் 12 வாரங்கள் ஆகும். துன்பம் முந்திக்கொண்டு வர, பயன் பின்னால் வருகிற அந்த இடைவெளியைக் கடப்பதற்குப் பலரும் பல வழிகளைச் சொல்கிறார்கள். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, சிங்கப்பூரின் வெயிலிலும் குளிரூட்டியிலும் மாறி மாறி வாழும் நமக்கு எது ஏற்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை நான் எழுதுவதற்கு என் மகளின் முகம் ஒரு காரணம். உயர்நிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மருத்துவர் அடப்பலீன் ஜெல் எழுதிக் கொடுத்தார். தேர்வுக்கு முன் முகம் தெளிய வேண்டும் என்ற அவசரத்தில் அவள் முதல் நாளிலிருந்தே ஒவ்வோர் இரவும் தாராளமாகப் பூசினாள். பத்தாம் நாள் வாயின் இரு ஓரங்களும் உரிந்தன. பருக்கள் பின்னர் அடங்கின. ஆனால் உரிந்த இடங்களில் படிந்த கருமை மறையப் பல மாதங்கள் ஆயின.

நம் நிறத்துத் தோலுக்கு உரிய முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. வெளிர் நிறத் தோலில் எரிச்சல் சிவப்பாகத் தோன்றிச் சிவப்பாகவே மறைந்துவிடும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அந்தச் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. எரிச்சல் தணியும்போது மெலனின் நிறமி கூடுதலாகச் சுரந்து கரும்படலமாகத் தங்கிவிடுகிறது. பருவே இத்தகைய கரும்புள்ளியை விட்டுச் செல்வதுண்டு; அதை நீக்க வந்த மருந்தும் அதையே விட்டுச் சென்றால் நமக்கு என்ன பயன்? எனவே மருந்துக் கையேடுகளில் சொல்லப்படும் ‘சிவத்தல்’ என்ற அடையாளத்துக்காக நாம் காத்திருக்கக் கூடாது. முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பது, வெறும் தண்ணீர் பட்டாலே சுரீரென்று எரிவது, கன்னத்தில் சாம்பல் பூத்தாற்போல் வெளுப்பது, மூக்கோரமும் வாயோரமும் மெல்லக் கறுப்பது ஆகியவையே நம் தோல் விடுக்கும் எச்சரிக்கைகள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த அளவுகோலை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

நாள்தோறும் பூசிப் பொறுத்துக்கொள்வது

இது நேர்வழி. மருந்தின் பயனைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நாளுக்கு ஒருமுறை பூசுவதையே அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே இதற்குச் சான்று வலுவாக உள்ளது. எண்ணெய் வழியும் தடித்த தோல் உடையவர்களில் சிலர் இதை எளிதாகத் தாங்கிக்கொள்வதையும் பார்க்கிறோம். ஆயினும் தோல் எப்படி எதிர்வினையாற்றும் என்பது பூசிப் பார்த்த பிறகே தெரியும் என்பதால், மேலே சொன்ன கருமையை எண்ணிப் பார்க்கும்போது, நம்மில் பெரும்பாலோருக்கு இதை முதல் தேர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள்

முதல் இரண்டு வாரங்களுக்கு வாரத்தில் 2 அல்லது 3 இரவுகள், அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் ஒத்துழைத்தால் அதன் பிறகு நாள்தோறும் என்று படிப்படியாக ஏறுவது இரண்டாவது வழி. ரெட்டினாய்டு தோல் அணுக்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் மயிர்க்கால் துளைகள் அடைபடுவது குறைகிறது என்பது அதன் நன்மை. தோலின் மேற்புற அரண் சில வாரங்களுக்குப் பலவீனமடைந்து உள்ளிருக்கும் நீர் வெளியேறுவது அதன் விலை. இரண்டு பூச்சுகளுக்கு இடையே ஓர் இரவு ஓய்வு கொடுத்தால் அந்த அரண் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது; காலப்போக்கில் தோலும் மருந்துக்குப் பழகிவிடுகிறது.

இதன் குறை, பலன் தெரிய இன்னும் சற்றுக் காலம் பிடிக்கலாம் என்பது. இன்னொரு குறை மறதி. ‘நேற்றுப் பூசினேனா, முந்தாநாளா’ என்ற குழப்பத்தில் தொடர்ந்து மூன்று நாள் பூசிவிட்டு நான்கு நாள் விட்டுவிடுபவர்கள் உண்டு. திங்கள், வியாழன் என்று கிழமைகளைக் குறித்துக்கொண்டு, பூசிய அன்று நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்கிறது. கூடுதல் செலவே இல்லாத இந்த வழி, எனக்குத் தெரிந்தவரை மிகக் குறைவாகவே பின்பற்றப்படுகிறது. குழாயில் ‘இரவு ஒருமுறை’ என்று அச்சிட்டிருப்பதை மீறுவதாகப் பலர் அஞ்சுகிறார்கள். மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். படிப்படியாக ஏறுவது அவர்களே வழக்கமாகச் சொல்லும் ஆலோசனைதான்.

அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு மருந்து போதும். அதைப் பரு தெரியும் இடத்தில் மட்டும் அப்பாமல், நெற்றி, இரு கன்னங்கள், தாடை என்று புள்ளிகளாக வைத்து மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். முகம் கழுவிய ஈரத்தோடு பூசாமல் நன்கு உலரவிட்டுப் பூசினால் எரிச்சல் குறையும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் ஆகிய இடங்களில் முன்கூட்டியே சிறிது வாசலின் தடவி வைத்தால் மருந்து அங்கே வழிந்து தேங்காது. என் மகள் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே அவளுடைய கருமையில் பாதி வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

சிறிது நேரம் வைத்துக் கழுவிவிடுவது

மருந்தைப் பூசி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர் போடுவது மூன்றாவது வழி. அடப்பலீனை இப்படிப் பயன்படுத்தித் தொடங்குவோரும் உண்டு. என்றாலும் இது மிகப் பொருத்தமாக அமைவது பென்சாயில் பெராக்சைடுக்குத்தான். பருவோடு தொடர்புடைய பாக்டீரியாவை அழிக்கும் அந்த மருந்து முகங்கழுவியாகவும் கிடைக்கிறது. குளிக்கும்போது முதுகிலும் மார்பிலும் தடவிச் சில நிமிடங்கள் விட்டுக் கழுவலாம்.

தேசிய சேவையில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு இதுவே கைகொடுத்தது. வியர்வையும் தோள்பை வாரின் உராய்வும் சேர்ந்து அவனுடைய முதுகில் பருக்களைக் கிளப்பியிருந்தன. முகாமில் இரவு பூசும் ஜெல்லை ஒழுங்காகத் தொடர அவனால் முடியவில்லை. காலைக் குளியலோடு முடிந்துவிடும் வேலை என்பதால் இதை விடாமல் செய்தான். ஒரே எச்சரிக்கை, பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். சரியாகக் கழுவாமல் துவட்டினால் துண்டும், பூசிவிட்டு அப்படியே படுத்தால் தலையணை உறையும் திட்டுத்திட்டாக நிறமிழக்கும். வெள்ளைத் துண்டு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

மாய்ஸ்சரைசர்: முன்பா, பின்பா, இருபுறமுமா?

மருந்துக்கு முன்பும் பின்பும் மாய்ஸ்சரைசர் பூசி, நடுவில் மருந்தை வைக்கும் ‘சாண்ட்விச்’ முறை இப்போது இளையரிடையே பரவலாக உள்ளது. மென்மையான தோலுக்கும், எக்ஸிமா என்னும் தோல் அழற்சி உடையவர்களுக்கும் இது பெரும் ஆறுதல். ஆனால் மேலும் கீழும் தடிமனாகப் பூசும்போது மருந்து தோலுக்குள் இறங்குவது ஓரளவு குறையக்கூடும். முன்போ பின்போ ஒருமுறை மட்டும் பூசினால் அந்த இழப்பு அவ்வளவாக இருப்பதில்லை. எனவே தொடக்கத்தில் இருபுறமும் பூசி, தோல் பழகியதும் முதல் அடுக்கை விட்டுவிட்டு, மருந்துக்குப் பின் மட்டும் பூசும் நிலைக்கு வருவது அறிவுடைமை.

‘இந்த ஊரில்தான் காற்றே ஈரமாக இருக்கிறதே, மாய்ஸ்சரைசர் எதற்கு?’ என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் என்பது உண்மை. ஆனால் நாம் பகலில் பெரும்பகுதியை அந்தக் காற்றில் கழிப்பதில்லை. அலுவலகம், எம்ஆர்டி, பேருந்து, கடைத்தொகுதி, இரவில் படுக்கையறை என்று குளிரூட்டப்பட்ட, ஈரம் வடிகட்டப்பட்ட காற்றிலேயே இருக்கிறோம். முகத்தில் வழியும் வியர்வை தோலுக்கு ஈரம் ஆகாது. அரண் பலவீனமான தோலில் அதன் உப்பு எரிச்சலைத்தான் கூட்டும்.

அதனால் ஜெல்லா, கிரீமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. பகலில், சன்பிளாக்குக்கு அடியில், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரினோ ஹயலூரோனிக் அமிலமோ கலந்த இலகுவான ஜெல் போதும். கனத்த கிரீம் நம் வெப்பத்தில் பிசுபிசுத்து, அதை விட்டுவிடவே தூண்டும். இரவில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு தூங்குபவர்களுக்குத் தோலின் அரணுக்கு உதவும் கொழுப்பான செராமைடு கலந்த கிரீம் சிறந்தது. மின்விசிறியின் கீழ் தூங்குபவர்கள் இரவிலும் ஜெல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். மணமூட்டி இல்லாததாகவும், துளைகளை அடைக்காத வகை என்று குறிக்கப்பட்டதாகவும் பார்த்து வாங்க வேண்டும்; விலை இரண்டாம் பட்சமே.

வலுவைக் குறைப்பது

பலர் எண்ணிப் பார்க்காத வழி இது. பென்சாயில் பெராக்சைடு 2.5, 5, 10 விழுக்காடுகளில் கிடைக்கிறது. 10 விழுக்காடு நான்கு மடங்கு நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1986இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், அழற்சியுள்ள பருக்களைக் குறைப்பதில் 2.5 விழுக்காடு ஏனைய இரண்டுக்கும் இணையாக இருந்தது. 10 விழுக்காட்டைவிட எரிச்சல் குறைவாகவும் இருந்தது. ரெட்டினாய்டுகளிலும் 0.1 விழுக்காடு அடப்பலீன், டிரெட்டினோயினைவிடப் பொதுவாக மென்மையானது. ஒரே மருந்தில் ஜெல், கிரீம் இரண்டும் இருந்தால் வறண்ட தோலுக்குக் கிரீமே உகந்தது. இவற்றை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். கேட்காமல் இருப்பதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது, சாதாரணத் தோல் உடைய ஒருவர் முதன்முறை ரெட்டினாய்டு தொடங்கினால், ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, மருந்துக்குப் பின் மாய்ஸ்சரைசர் போடுவதையே நான் முதலிடத்தில் வைப்பேன். தோல் மிக மென்மையானவர்களுக்குச் சாண்ட்விச் முறை. முதுகுப் பருவுக்கும், நேர ஒழுங்கு வாய்க்காதவர்களுக்கும் கழுவிவிடும் முறை. இரண்டு மருந்துகளை ஒரே வாரத்தில் சேர்த்துத் தொடங்குவது மட்டும் வேண்டாம். எரிச்சல் எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

வீட்டு வைத்தியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இந்தச் சில வாரங்களுக்குப் பயத்தமாவும் நலங்கு மாவும் தேய்ப்பதை நிறுத்திவைக்க வேண்டும். உரசல் எதையும் தாங்கும் நிலையில் தோல் இல்லை. எலுமிச்சைச் சாறு அமிலம், அது எரிக்கும். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் என்று பாட்டி சொல்வது கைக்கும் காலுக்கும் சரி; பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கக்கூடும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புருவம் திருத்தவும் மேலுதட்டு முடி நீக்கவும் வரிசையில் நிற்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ரெட்டினாய்டு பூசும் தோலில் மெழுகு வைத்து இழுத்தால் தோலே பிய்ந்து வரக்கூடும். மருந்து பூசும் காலத்தில் முகத்துக்கு மெழுகை அறவே தவிர்க்க வேண்டும். நூலால் எடுப்பதானால் சில நாள்களுக்கு முன்பே அந்த இடத்தில் மருந்தை நிறுத்திவிட வேண்டும். பெண்கள் நினைவில் கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு: கருத்தரித்திருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டைத் தவிர்க்க வேண்டும், அவர்களுக்கு வேறு மருந்துகளை மருத்துவர் தருவார்.

வெயிலைப் பொறுத்தவரை நமக்குத் தேர்வே இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை தொலைவில் உள்ள இந்த ஊரில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐ எட்டும் நாள்கள் சாதாரணம். எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாத சன்பிளாக் இல்லாமல் இந்த மருந்துகளைத் தொடங்கினால், எரிச்சல் விட்டுச்சென்ற கருமையை வெயில் இன்னும் ஆழமாக்கும்.

கடைசியாக, எரிச்சலும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. வறட்சி, உரிதல், இலேசான எரிவு ஆகியவை எரிச்சல். சில இரவுகள் மருந்தை நிறுத்தி, மாய்ஸ்சரைசர் மட்டும் பூசி, தோல் அமைதியானதும் வாரம் 2 இரவுகளிலிருந்து மறுபடி தொடங்கலாம். அடங்காத அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம் ஆகியவை ஒவ்வாமையாக இருக்கலாம். மருந்தை உடனே நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும், தேவையானால் அங்கிருந்து மண்டலே சாலையிலுள்ள தேசிய தோல் நிலையத்துக்கு அனுப்புவார்கள். கண் இமையோ உதடோ வீங்கினாலும், தொண்டை இறுகினாலும், மூச்சுத் திணறினாலும் மருந்தகத்தில் முறை எடுத்துக் காத்திருக்காமல் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழைக்க வேண்டும்.